தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சியும் பேறுகாலப் பராமரிப்பும்

மனிதனின் உள்ளுறுப்புக்களுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்த ஒருவரிடம் அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். உண்ட உணவின் சாரத்தைப் பக்குவம் செய்தல், பித்தநீரைச் சுரத்தல், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குதல், நச்சுப் பொருள்களை முறித்தல் முதலிய பல தொழில்கள் அதனைச் சார்ந்துள்ளன. இவ்வுறுப்பை நோய்க்கிருமிகளும் மதுவும் சில மருந்துகளும் தாக்குவதுண்டு என்பதைப் பலரும் அறிவர். ஆனால், உடலைக் காக்க வேண்டிய தற்காப்புச் சக்தியே சிலரிடம் ஈரலைப் பகையெனக் கருதி அழிக்கத் தலைப்படுகிறது என்பது அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. இந்நோய்க்குத் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி என்று பெயர்; மருத்துவர்கள் இதனை ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் என்று வழங்குவர்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் மூன்று நான்கு மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. குழந்தை பெறும் வயதிலும் தோன்றுகிறது. ஆகையால், நோயுற்ற பெண் கருவுறலாமா, கருவுற்றால் மருந்தை நிறுத்த வேண்டுமா என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்குத் தவறான விடை கூறப்படின் தாய், சேய் ஆகிய இருவர் உயிருக்கும் ஊறு நேரலாம். அவ்விடையை முதலில் கூறுபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். வீட்டிலுள்ள மூத்தோர், அண்டை வீட்டார், அல்லது வீடு தேடிச் செல்லும் சுகாதார ஊழியர் ஆவர். களப்பணியாளரும் ஆசிரியரும் இப்பொருளை அறிந்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

1. திருவனந்தபுரத்து நிலை

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதனை அடுத்துள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உரியது, ‘எஸ்.ஏ.டி.’ என்றே மக்கள் அதனை அழைக்கின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்கள் கடினமான நோய்களுக்குத் திருவனந்தபுரத்தை நாடுவது வழக்கமாக உள்ளது. ஈரல் நோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே இடத்தில் கிடைப்பது இத்தகைய நோயாளிக்குப் பெரும் நன்மையாகும்.

தாய்மார் இறப்பைக் குறைப்பதில் கேரளம் முன்னணியில் நிற்பது யாவரும் அறிந்ததே. மாதிரிப் பதிவு முறையின் 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் தொகை கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுமைக்கும் 97. இரத்தப் போக்கு, கிருமித் தொற்று முதலிய பொதுவான காரணங்கள் குறையக் குறைய, முன்னரே இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றில் நோயுற்றிருந்த தாய்மாரின் இடர்கள் துலக்கமாகத் தெரிவது இயல்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தாயின் இறப்பும் இரகசியமாக ஆராயப்பட்டு வந்தது. அம்முறையைப் பின்பற்றிக் கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004-ஆம் ஆண்டில் அத்தகைய ஆய்வைத் தொடங்கியது. குற்றவாளியைத் தேடுவது அதன் நோக்கமன்று. எந்தக் கட்டத்தில் இறப்பைத் தடுத்திருக்கலாம் என்று அறிவதே நோக்கம். அந்த நோக்குடனேயே இப்பாடத்தையும் படித்தல் வேண்டும்.

2. நோய் அறியப்பட்ட வரலாறு

1950-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம், இளம் பெண்களிடம் காணப்பட்ட நாட்பட்ட ஈரல் அழற்சி ஒன்றை விவரித்தார். அவர்களுடைய இரத்தத்தில் காமா குளோபுலின் என்னும் புரதம் அளவுக்கு மீறி இருந்தது; பலருக்கு மாதவிடாய் நின்றிருந்தது. 1956-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இயன் மக்கே என்பவரும் அவருடைய துணைவர்களும், இந்நோயாளரின் இரத்தத்தில் தம் உடலின் உயிரணுக்களையே எதிர்க்கும் பொருள்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டினர்.

அக்காலத்தில் இந்நோயுற்ற பெண்களுள் பலர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். தாய்மை என்னும் பேச்சிற்கே அங்கு இடமில்லை. 1955-ஆம் ஆண்டையொட்டிப் பிரெட்னிசோலோன் வகை மருந்துகள் வழக்கிற்கு வந்தன. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகிய விஞ்ஞானிகள் 1957-ஆம் ஆண்டில் அஸாதயோப்ரின் என்னும் மருந்தை ஆக்கினர். இவ்விருவரும் 1988-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றோருள் அடங்குவர். இம்மருந்துகளால் அழற்சி தணிந்தது. நின்றிருந்த மாதவிடாய் மீண்டது. கருவுறும் ஆற்றலும் திரும்பியது. எனவே, இன்று இத்தகைய பெண் தாயாவது மருத்துவத்தின் வெற்றியே. ஆனால், அவ்வெற்றி மருந்தின் துணையால் வந்தது என்பதை மறத்தல் ஆகாது.

3. நோயை அறியும் முறை

நோயின் தொடக்கத்தில் களைப்பு, பசியின்மை, மூட்டு வலி, மாதவிடாய்க் கோளாறு ஆகியன தோன்றலாம். ஒரு குறியும் இல்லாமலும் இருக்கலாம். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது சிலரிடம் முதற் குறியாகவும், சிலரிடம் மிகப் பிந்தியும் காணப்படும். வளரிளம் பெண்களிடமும் இந்நோய் தோன்றுவதால், காரணமின்றி நீண்ட நாள் சோர்வுற்றுக் கண் மஞ்சளித்துக் காணப்படும் மாணவியை மருத்துவரிடம் அனுப்புமாறு ஆசிரியர் பெற்றோருக்குக் கூறுதல் நன்று.

மருத்துவர் இரத்தத்தில் ஈரல் நொதிகளையும், இம்யூனோகுளோபுலின்–ஜி என்னும் புரதத்தையும், தன்னெதிர்ப்புப் பொருள்களையும் அளந்தறிவர். கிருமிகளால் வரும் ஈரல் அழற்சி இல்லையென்று முதலில் தெளிவர். ஊசியின் மூலம் ஈரலின் ஒரு சிறு துணுக்கை எடுத்து நுண்பெருக்கியில் ஆராய்வதும் உண்டு. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. நோயாளியின் உணவுக் கலங்களை ஒதுக்கி வைப்பதும், அவளைத் தனியே இருக்கச் செய்வதும் அறியாமையின்பாற்பட்டன.

4. கருவுறுவதற்கு முன் செய்ய வேண்டுவன

இப்பராமரிப்பின் மிக முக்கியமான பகுதி கருவுறுவதற்கு முன்னரே தொடங்குகிறது. நோய் குறைந்தது ஓராண்டேனும் அடங்கியிருந்த பின்னரே கருவுறுதல் நல்லது என்பது மருத்துவர் துணிபு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையினர் 53 பெண்களின் 81 கர்ப்பங்களை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதனை வலியுறுத்துகிறது. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நோய் மீண்டும் சீறியெழுந்தது. மருந்து உட்கொள்ளாதவர்களிடமும், கருவுறுவதற்கு முந்திய ஓராண்டிற்குள் நோய் சீறியிருந்தவர்களிடமுமே அவ்வாறு நேர்வது மிகுதியாக இருந்தது.

அடுத்து, மருந்துகளைச் சீர்தூக்க வேண்டும். மைக்கோபினோலேட் என்னும் மருந்தைச் சில நோயாளிகள் உட்கொள்வர். இது கருச்சிதைவை உண்டாக்குவதோடு, சிசுவின் காது, உதடு, அண்ணம் முதலியவற்றில் பிறவிக் குறைகளையும் விளைவிக்கக் கூடியது. கருவுறுவதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் மருத்துவர் இதனை விலக்கி வேறு மருந்திற்கு மாற்றுவர். அதுவரை கருத்தடை முறையைத் தவறாது கைக்கொள்ள வேண்டும். இம்மருந்து உட்கொள்ளும் பெண் எதிர்பாராது கருவுற்றுவிட்டால், அன்றே மருத்துவரை அணுகுதல் கடமையாகும்.

மூன்றாவதாக, ஈரலில் வடு விழுந்து இறுகிய நிலை உள்ளதா என்று அறிய வேண்டும். இந்நிலைக்குச் சிர்ரோஸிஸ் என்று பெயர். இறுகிய ஈரலினூடே இரத்தம் எளிதில் செல்லாமையால், குடலிலிருந்து ஈரலுக்கு வரும் பெருஞ்சிரையில் அழுத்தம் மிகுகிறது. அதன் விளைவாக உணவுக்குழலின் அடிப்பகுதியிலுள்ள சிரைகள் புடைத்து நிற்கின்றன. கருவுற்ற காலத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 சதவிகிதம் வரை கூடுகிறது. வளரும் கருப்பையும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. ஆதலின் புடைத்த சிரைகள் வெடித்து இரத்த வாந்தி ஏற்படும் அபாயம், கர்ப்பத்தின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் மிகுகிறது. உள்நோக்குக் குழாய் மூலம் அச்சிரைகளை முன்னரே பார்த்து, தேவையாயின் இரப்பர் வளையமிட்டுக் கட்டிவிடலாம். முன்னர்ப் பார்க்காவிடின், கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேனும் பார்த்தல் வேண்டும். ஈரலின் தொழிலே குன்றி, வயிற்றில் நீர் கட்டியுள்ள பெண் கருவுறுதல் பேராபத்து. அதனைக் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும்போது, ஒளிவு மறைவின்றியும் கனிவோடும் மருத்துவர் எடுத்துரைப்பர்.

5. கர்ப்ப காலத்தில் மருந்து

“வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை ஆகாது” என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியுள்ளது. பொதுவான எச்சரிக்கை என்ற அளவில் அதில் நியாயமுண்டு. ஆனால் இந்நோயைப் பொறுத்தவரை, மருந்தைத் தானாக நிறுத்துவதே பெருங்கேடு. அடங்கியிருந்த அழற்சி மீண்டும் எழுந்தால் தாயின் ஈரல் சிதைவதோடு, குறைப் பிரசவம், கருவிழப்பு ஆகியனவும் நேரலாம். கருவைக் காக்க வேண்டுமானால் தாயின் ஈரலைக் காத்தல் வேண்டும்.

பிரெட்னிசோலோன் மருந்தின் பெரும் பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலற்றதாக்கிவிடுகிறது. தாயின் இரத்தத்தில் உள்ள அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே சிசுவைச் சேர்கிறது. அஸாதயோப்ரினின் சிதைவுப் பொருள்கள் ஓரளவு சிசுவை அடையினும், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற தாய்மாரிடமும், குடல் அழற்சி, ஈரல் அழற்சி ஆகிய நோயுற்ற தாய்மாரிடமும் பல்லாண்டுகளாகப் பெற்ற அனுபவம் நம்பிக்கையளிப்பதாகவே உள்ளது. எனவே, நோயை அடக்கி வைத்திருக்கும் இம்மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் தொடருமாறு அமெரிக்க, ஐரோப்பிய ஈரல் நோய்ச் சங்கங்களின் நெறிமுறைகள் கூறுகின்றன. ஐரோப்பியச் சங்கம் கர்ப்ப கால ஈரல் நோய்களுக்கெனத் தனி நெறிமுறையை 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

பிரெட்னிசோலோன் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக் கூடியது. ஆகையால், முதல் வருகையிலும் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் குளுகோஸ் பரிசோதனையும், வருகைதோறும் இரத்த அழுத்த அளவீடும் இன்றியமையாதன. பல வாரங்கள் இம்மருந்தை உட்கொண்டவரின் உடல், தனக்கு வேண்டிய அத்தகைய சுரப்பைத் தானே ஆக்கும் வன்மையை இழந்திருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரலாம். பிரசவ நேரத்தில் கூடுதல் அளவு ஊசி மூலம் செலுத்தப்படுவதும் இக்காரணம் பற்றியே. ஆதலால், பேறு பார்ப்பவருக்கு இம்மருந்தைப் பற்றிய செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

6. பரிசோதனை முடிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

கர்ப்பம் சில அளவுகளை இயல்பாகவே மாற்றுகிறது. இரத்தத்தில் நீர் கூடுவதால் ஆல்புமின் அளவு தாழ்கிறது. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி நஞ்சுக்கொடியிலிருந்தும் சுரப்பதால் உயர்கிறது. உள்ளங்கைச் சிவப்பும், தோலில் சிலந்தி வடிவச் சிறு இரத்தக் குழாய்களும் நோயற்ற கர்ப்பிணியிடமும் தோன்றலாம். ஆனால் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் ஈரல் நொதிகளும் பித்த நிறமியும் கர்ப்பத்தால் உயர்வதில்லை. அவை உயர்ந்திருப்பின், “கர்ப்பத்தில் இது வழக்கமே” என்று விட்டுவிடாது காரணம் தேட வேண்டும்.

அக்காரணம் தன்னெதிர்ப்பு நோயாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் டில்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்தமையால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட் காமாலையுற்றனர். அக்கொள்ளை நோய், பின்னாளில் ‘ஈ’ வகை எனப் பெயர் பெற்ற ஈரல் அழற்சி என்று தெளிவாயிற்று; கர்ப்பிணிகளுக்கு அது மிகக் கொடியது. ஈரல் நோய் முன்னரே உள்ள தாய் நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனாலேயே. அன்றியும், தடிப்பின்றி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் மிகும் அரிப்பு, பித்தத் தேக்கத்தின் குறியாகலாம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியன பேறுகால இரத்த அழுத்த நோயின் குறிகள். கடைசி மாதங்களில் ஓயாத வாந்தியும் மஞ்சளும் சேர்ந்து வருவது, ஈரலில் கொழுப்புப் படியும் கடுநோயாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிதல் மருத்துவர் பணி; குறியைக் கண்டவுடன் தாமதமின்றி அனுப்புதல் களப்பணியாளர் பணி.

7. நாட்டு மருந்துகள்

காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது தமிழகத்திலும் கேரளத்திலும் தொன்றுதொட்ட வழக்கம். வீட்டு மருத்துவத்தை இகழ்வது களப்பணியாளருக்கு அழகன்று. இகழ்ந்தால் உண்மை மறைக்கப்படும். ஆனால், தன்னெதிர்ப்பு நோயில் உடலின் தற்காப்புச் சக்தியைத் தூண்டும் எப்பொருளும் ஐயத்திற்குரியது. சீந்தில் கொடியை உட்கொண்ட ஆறு பேரிடம் ஈரல் அழற்சி ஏற்பட்டதையும், அதில் தன்னெதிர்ப்பு நோயின் சாயல் காணப்பட்டதையும் மும்பை மருத்துவர்கள் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மத்திய ஆயுஷ் அமைச்சகம் இம்முடிவை ஏற்கவில்லை. எனினும், முன்னரே இந்நோயுள்ள கர்ப்பிணி தன் மருத்துவரைக் கேளாது எந்த மூலிகையையும் உட்கொள்ளாதிருத்தலே அறிவுடைமை. “என்ன கஷாயம் குடிக்கிறீர்கள், அம்மா?” என்று கண்டிக்கும் தொனியின்றிக் கேட்டால் விடை கிடைக்கும்.

8. பிரசவமும் அதன் பின்னரும்

ஈரல் நோய் ஒன்றே அறுவைப் பிரசவத்திற்குக் காரணமாகாது. மகப்பேறு பற்றிய வேறு காரணம் இல்லையாயின் இயல்பான பிரசவமே விரும்பத் தக்கது. சிரைகள் புடைத்துள்ள தாய் நெடுநேரம் முக்கினால் அவற்றில் அழுத்தம் மிகும். ஆகையால் பிரசவத்தின் இரண்டாம் கட்டத்தை மருத்துவர் கருவியின் துணையால் சுருக்குவதுண்டு. இரத்த வங்கியும் ஈரல் நோய் மருத்துவரும் உள்ள மருத்துவமனையிலேயே இத்தகைய பேறு நடைபெற வேண்டும்.

கர்ப்பத்தின்போது சிசுவை ஏற்றுக்கொள்ளும் பொருட்டுத் தாயின் தற்காப்புச் சக்தி தன் போக்கைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. அதனால் நோய் பலரிடம் தணிந்து காணப்படுகிறது. பிள்ளை பிறந்த பின் அச்சக்தி பழைய நிலைக்கு மீள்கிறது. அப்போது அழற்சி சீறியெழுதல் மிகுதி. முதல் ஆறு மாதங்கள் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்தல் இதனால் அவசியமாகிறது.

இங்குத்தான் நம் நாட்டு வழக்கம் ஒன்றைக் கருத வேண்டியுள்ளது. முதற் பேற்றிற்குப் பெண் ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் தாய்வீடு செல்கிறாள். பேற்றுக்குப் பின்னும் சில மாதங்கள் அங்கேயே தங்குகிறாள். நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்டவள் நாகர்கோவிலுக்குச் செல்லும்போது, அவளை அறிந்த மருத்துவரும் செவிலியரும் மாறிவிடுகின்றனர். நோய் சீறக் கூடிய காலமும், அவள் அறியாத கைகளில் இருக்கும் காலமும் ஒன்றாக அமைகின்றன. பிள்ளை பெற்றவளின் களைப்பை, “பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்” என்று அனைவரும் எண்ணிவிடுகின்றனர். எனவே புறப்படுமுன் தாய்–சேய் பாதுகாப்பு அட்டை, இரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டு, மூன்று மாதத்திற்குரிய மருந்து ஆகியவற்றை அவளோடு அனுப்புதலும், சென்று சேரும் ஊரின் செவிலியருக்குச் செய்தி சொல்லுதலும் ஓர் உயிரைக் காக்கும் செயல்களாகும்.

பிரெட்னிசோலோனும் அஸாதயோப்ரினும் உட்கொள்ளும் தாய் தாய்ப்பால் கொடுக்கலாம். இம்மருந்துகள் பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. “மாத்திரைப் பால் நஞ்சு” என்று கூறிப் பாலையோ மருந்தையோ நிறுத்துதல் கூடாது.

9. களப்பணியாளர் கடமைகள்

கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போதே, “முன்பு காமாலை வந்ததுண்டா? நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை ஏதேனும் உண்டா?” என்று வினவுக. ஆம் எனில் அவளை அபாய மிகு கர்ப்பிணியாகக் குறித்துக்கொள்க. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் நடைபெறும் பரிசோதனையில் இத்தகையோர் அட்டையில் சிவப்பு ஒட்டு இடப்படுகிறது. வீட்டிற்குச் செல்லும்போது மாத்திரைகளை எண்ணிப் பார்க்க. இரத்த வாந்தி, கருநிற மலம், மஞ்சள் கண், வயிற்று வீக்கம், மனக் குழப்பம், அளவு மீறிய உறக்கம் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. மாமியார், கணவர் ஆகியோரிடமும் பேசுக. மருந்தை நிறுத்தச் சொல்வோர் அவர்களாகவும் இருக்கலாம், தொடரச் செய்வோரும் அவர்களாகவே இருக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி தொற்று நோயன்று என்பதை விளக்குக.

2. கருவுற்றதும் மருந்தைத் தானாக நிறுத்துவதால் விளையும் கேடுகள் யாவை?

3. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்வதும், ஏ.எல்.டி. உயர்வதும் ஒரே பொருள் உடையன அல்ல. ஏன்?

4. புடைத்த சிரைகள் கர்ப்ப காலத்தில் வெடிக்கும் அபாயம் மிகுவதன் காரணம் யாது?

5. தாய்வீடு செல்லும் நோயுற்ற கர்ப்பிணியுடன் அனுப்ப வேண்டியவற்றைப் பட்டியலிடுக. பேற்றுக்குப் பிந்திய மாதங்களில் அவை ஏன் மிகவும் தேவைப்படுகின்றன?